ஓநாய்த் தாடையும் எங்கடை நாயும்

செத்த நாயோடை எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. உயிரோடை இருக்கிற நாய்தான் எனக்கு ஏலாது. ஒஸ்லோவிலை இருந்துகொண்டு இப்பிடிச் சொன்னால் சனம் ஆளை ஒரு மாதிரிப் பாக்கும். இஞ்சை பஸ்ஸிலையும் நாய், ட்ரெயினிலையும் நாய், காட்டுப்பாதையிலையும் நாய். லோறென்ஸ்கூக்கிலை இருந்து வேலைக்குப் போற பஸ்ஸிலை ஆற்றையோ காலுக்குள்ளை படுத்திருக்கிற நாய் தலையை நிமித்தி என்னைப் பாத்துதெண்டால் நான் யன்னல் பக்கம் திரும்பியிடுவன். கடிச்சுப்போடும் எண்ட பயம் இல்லை. அது பாக்கிற பார்வைதான் என்னாலை தாங்க ஏலாது.

ஆனால் என்ரை வேலையைப் பாருங்கோ, முழுநாளும் நாய்ச்சாதியின்ரை எலும்புதான். ஒரு மியூசியத்தின்ரை நிலக்கீழ் அறையிலை இருந்து எலும்பை இனம் பிரிக்கிறன். குகைகளுக்குள்ளை இருந்து கிண்டிக்கொண்டு வாற, ஆயிரக்கணக்கான வருசம் பழைய எலும்பு. அதிலை எது ஓநாய், எது நரி, எது கரடிக்குட்டி, எது பிற்காலத்திலை ஆரோ ஒரு மீன்பிடிக்காரன் கூட்டிக்கொண்டு வந்த நாய் எண்டு சொல்லவேணும். கோயிலிலை பெண்டுகள் என்னை "எலும்பு பொறுக்கி" எண்டு பகிடி பண்ணுவினம். ஒரு அன்ரி மட்டும் ஒவ்வொரு முறையும், "பிள்ளை, குளிச்சிட்டோ வந்தனீர்?" எண்டு முகத்தைச் சுளிச்சுக்கொண்டு கேப்பா. "அன்ரி, அதுகளின்ரை எட்டுச்செலவு, அந்தியேட்டி எல்லாம் எப்பவோ முடிஞ்சுது, துடக்குக் கழிஞ்சிட்டுது" எண்டு சொல்லுவன். அவவுக்குச் சிரிப்பு வராது, எனக்குத்தான் வரும்.

நாய்ச்சாதி எண்டு லேசாச் சொல்லிப்போட்டன், முழுக் குழப்பமும் அதுக்குள்ளைதான் இருக்கு. மண்டையோடு முழுசாக் கிடைச்சால் சின்னப்பிள்ளையும் சொல்லும். குகையிலை ஆர் முழுசாத் தாறது? அரைத் தாடை, ஒரு பல்லு, காலிலை ஒரு துண்டு. அதுக்காக எங்கடை அலுமாரி லாச்சிகளிலை இப்பத்தைய மிருகங்களின்ரை எலும்பை ஒப்பிட்டுப் பாக்கிறதுக்கெண்டு அடுக்கி வைச்சிருக்கு. ஒரு லாச்சி முழுக்க ஓநாய். அதுக்குக் கீழை அமெரிக்காவிலை இருந்து வந்த கொயோட். கொயோட் எண்டது ஓநாய்க்குத் தம்பி, நரிக்கு அண்ணை எண்டு வையுங்கோ. நோர்வேயிலை அது ஒருநாளும் இருந்ததில்லை. பிறகேன் வைச்சிருக்கிறியள் எண்டு கேப்பியள். ஓநாய் எது எண்டு தெரியவேணுமெண்டால், ஓநாய் இல்லாதது எல்லாத்தையும் வடிவாத் தெரிஞ்சிருக்கவேணும். அமெரிக்கக் குகைகளிலை வேலை செய்யிறவை பாவம், அவைக்கு இரண்டும் ஒரே கிடங்கிலை வரும். பனியுகத்துக் கொயோட் இப்பத்தையதைவிடப் பருமன். வளந்து முடியாத பெட்டை ஓநாய் சின்னன். இரண்டையும் பிரிக்கிறதுக்குள்ளை விசர் பிடிச்சுப்போகும். சிலநேரம் அங்கையிருந்து படத்தை அனுப்பி, நீங்களும் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ எண்டு எங்களைக் கேப்பினம்.

நான் முதல் கண்ணை மூடிக்கொண்டு விரலாலை தடவித்தான் பாக்கிறது. பிறகுதான் அளக்கிற கருவியைத் தொடுவன். கீழ்த்தாடையிலை இறைச்சி வெட்டுற ஒரு பெரிய பல்லு இருக்கு. ஓநாயிலை அது என்ரை பெருவிரல் மாதிரி மொத்தமாய் நிக்கும். கொயோட்டின்ரை தாடை மெல்லிசு, நீளம், முன்பக்கத்துப் பல்லுகளுக்கு இடையிலை காத்துப் போய்வாற மாதிரி இடைவெளி. நாய் மனிசரோடை வந்து சேந்த பிறகு அதின்ரை மூஞ்சை கட்டையாப் போச்சு, பல்லு குறையேல்லை. அதாலை நாய்த் தாடையிலை பல்லெல்லாம் தேர்த்திருவிழாச் சனம் மாதிரி ஒண்டையொண்டு இடிச்சுக்கொண்டு நிக்கும். இதெல்லாம் விரலுக்குத் தெரியும். ஆனால் விரல் சொல்லுறதை நான் உடனை நம்பிறேல்லை. அளந்து, ஒப்பிட்டு, நாலு தரம் சரிபாத்துத்தான் வாயைத் திறப்பன். அவசரப்பட்டு இனம் சொல்லுறவையைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

என்னோடை வேலை செய்யிற பிள்ளை தமிழ்நாட்டுக்காரி, கோயம்புத்தூர்ப் பக்கம். அவள் எலும்பை ஸ்கான் பண்ணி, அதின்ரை வடிவத்தைக் கொம்பியூட்டருக்குள்ளை போட்டு, அதைக் கேட்டுத்தான் முடிவு சொல்லுவாள். நான் "கதைச்சுப்போட்டு வாறன்" எண்டால் அவள் கதை எழுதப்போறனோ எண்டு பாப்பாள். அவள் "பேசிட்டு வரேன்க்கா" எண்டால் எனக்கு ஆரையோ ஏசப்போறாள் எண்டு கிடக்கும். மற்றும்படி தங்கமான பிள்ளை. அவளின்ரை ஆராய்ச்சி முழுக்க வடக்குக் கரையிலை கடலைப் பாத்துக்கொண்டிருக்கிற ஒரு குகையிலைதான் நிக்குது. அந்தக் குகைக்குள்ளை பனி மூடுறதுக்கு முந்தின காலத்து ஓநாய்கள் இருந்தது எண்டதுதான் அவள் சொல்லவாறது.

போன மார்கழியிலை அங்கையிருந்து ஒரு கீழ்த்தாடை வந்துது. சுண்ணாம்பு படிஞ்சு, மண்ணிறமாய். அவளின்ரை கொம்பியூட்டர் ஓநாய் எண்டுது, என்ரை விரலும் ஓநாய் எண்டுது. ஆனால் அவள் முகம் செத்துப்போய் வந்து நிண்டாள். "அக்கா, இந்தக் கோரைப்பல்லப் பாருங்க" எண்டாள். பல்லின்ரை பின்பக்கம் ஒரு பள்ளம் மாதிரித் தேஞ்சிருந்தது. கட்டிவைச்ச நாய், சங்கிலியையோ கம்பியையோ கடிச்சுக் கடிச்சு இழுக்கேக்கை அந்த இடத்திலைதான் தேயும். ஓநாயை ஆர் கட்டிவைச்சது? அந்தப் பக்கம் மனிசரே இல்லாத காலம். அப்ப இது நாயோ? நாயெண்டால் பிற்காலத்து எலும்பு பழைய மண்ணுக்குள்ளை கலந்திட்டுது எண்டு அர்த்தம். அப்பிடியெண்டால் அவளின்ரை வேலை முழுக்கச் சந்தேகம்.

"சும்மா அழாதை" எண்டு நான் அவளை இருத்தினன். "ஒரு பல்லிலை இருக்கிற ஒரு தேய்வை வைச்சுக்கொண்டு முழு மிருகத்துக்கும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஓநாயும் எதையெண்டாலும் கடிச்சிருக்கும். கல்லுக்கு இடையிலை இறுகின எலும்பை இழுத்திருக்கும். பல்லு அது எப்பிடி வாழ்ந்துது எண்டு சொல்லும். எப்பிடிச் செத்தது எண்டு சொல்லாது." அவள் கண்ணைத் துடைச்சுக்கொண்டு அதைத் திருப்பிச் சொல்லிப் பாத்தாள். எனக்கும் என்னிலை ஒரு புழுகம்தான், நல்ல வசனம் சொல்லிப்போட்டன் எண்டு.

தைப்பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னம், கோப்பி குடிக்கிற நேரத்திலை யாழ்ப்பாணத்திலை இருந்து சித்தப்பாவின்ரை மகன் வாட்ஸ்அப்பிலை குரல் அனுப்பினான். எங்கடை பழைய வளவை அவனுக்குத்தான் குடுத்திருக்கிறம். கனகாலம் ஆமியின்ரை முகாமாய்க் கிடந்து, விட்டுட்டுப் போகேக்கை சுவர் மட்டும்தான் மிச்சம். அவன் அதை இடிச்சுப்போட்டுப் புது வீட்டுக்கு அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்தவன். "அக்கா, எலும்பு வந்திட்டுது. வேலைக்காரர் மண்வெட்டியைப் போட்டிட்டு நிக்கினம். மனிசன்ரை எண்டால் பொலிஸ், கோடு, வழக்கு எல்லாம் வரும். உங்களுக்குத்தானே தெரியும், கெதியாப் பாத்துச் சொல்லுங்கோ." குரல் நடுங்கிக்கொண்டிருந்தது. எங்கடை ஊரிலை மண்ணுக்குள்ளை இருந்து எலும்பு வந்தால் ஆரும் அப்பிடித்தான் நடுங்குவினம்.

சீமெந்துப் பையிலை ஒரு மண்டையோடும் கீழ்த்தாடையும் வைச்சுப் படம் எடுத்திருந்தான். பாத்த உடனையே சொல்லிப்போட்டன். "தம்பி, பயப்பிடாதை. நாய்." அவன் நாலைஞ்சு கும்பிடு அனுப்பினான். ஐயரைக் கேட்டு ஏதும் சாந்தி செய்யவேணுமோ எண்டு பாப்பம் எண்டான். நான் கோப்பியைக் குடிச்சு முடிச்சன். பிறகுதான் பழக்கதோசத்திலை படத்தைப் பெருப்பிச்சுப் பல்லைப் பாத்தன். நரியோ எண்டு ஒருக்கா உறுதிப்படுத்துவம் எண்டு. நரியில்லை. தாடை தடிப்பு, பல்லு நெருக்கம், நல்ல ஊர்நாய். இரண்டு கோரைப்பல்லிலையும் பின்பக்கம் பாதிக்குத் தேஞ்சு போயிருந்தது.

"எந்த இடத்திலை எடுத்தது?" எண்டு கேட்டன். "பழைய குசினிக்குப் பின்னாலை அக்கா, முருங்கை நிண்ட இடம்." முருங்கையிலைதான் எங்கடை நாயைக் கட்டுறது.

இந்த நாயின்ரை கதை எங்கடை குடும்பத்திலை எல்லாருக்கும் மனப்பாடம். பெரிய இடப்பெயர்வு அண்டைக்கு, ஷெல் கிட்டக் கிட்ட விழத் தொடங்க, ஊரே வெளிக்கிட்டுது. இரண்டு நாளிலை திரும்பி வந்திடலாம் எண்டுதான் எல்லாரும் நினைச்சது. அதாலை எங்கடை ஊரிலை கனபேர் ஒரு வேலை செய்தவை. நாய் பின்னாலை வந்து சனத்துக்குள்ளை மிதிபடக்கூடாது எண்டு, அதைக் கட்டிப்போட்டு, ஒரு சட்டி தண்ணியும் ஒரு சட்டி சோறும் வைச்சிட்டு வெளிக்கிட்டவை. அப்பாவும் அப்பிடித்தான் செய்தவர். நாய்க்கு நல்லது செய்யிறம் எண்டுதான் செய்தது. திரும்பிப் போக வருசங்கள் எடுத்தது. எங்கடை குடும்பம் போகவே இல்லை.

நான் அப்ப சின்னப் பிள்ளை. அந்த நாயைக் குட்டியிலை தூக்கிக்கொண்டு வந்தது நான்தான். றோட்டிலை சனம் நகராமல் இறுகி நிக்கேக்கை நான் அழுது குளறி, நாயை அவிழ்த்துவிடாமல் ஒரு அடி எடுத்துவைக்கமாட்டன் எண்டு மண்ணிலை இருந்திட்டன். அப்ப அண்ணைக்கு மீசை அரும்புற வயசு. ஆரிட்டையும் கேக்காமல் அத்தனை சனத்தையும் எதிர்த்து வீட்டை திரும்பி ஓடினவர். அம்மா தலையிலை அடிச்சுக்கொண்டு நிண்டவா. பொழுதுபட, மழையிலை தெப்பமாய் நனைஞ்சு வந்து, "அவிழ்த்துவிட்டிட்டன். ஓடிட்டுது" எண்டார். அவ்வளவுதான் சொன்னவர்.

அந்த ஒரு நாளிலை இருந்து எங்களுக்கு மிஞ்சின ஒரேயொரு நல்ல கதை அதுதான். மிச்சமெல்லாம் ஆர் செத்தது, ஆர் துலைஞ்சது எண்ட கதை. லோறென்ஸ்கூக்கிலை ஒரு பிறந்தநாள் வீடு, ஒரு கலியாண வீடு எண்டால் ஆரும் ஒருத்தர் எடுத்துவிடுவினம். "ஷெல்லுக்குள்ளை நாய்க்காண்டி ஓடின மனுசனப்பா இவர்" எண்டு. அண்ணை சிரிக்காமல் தட்டைப் பாத்துக்கொண்டு சாப்பிடுவார். அடக்கம் எண்டு நாங்கள் நினைச்சம். நான் எத்தினை கெட்ட கனவு கண்டிருப்பன், ஆனால் அந்த நாய் மட்டும் என்ரை கனவிலை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இப்ப அது முருங்கையடியிலை கிடக்கு. கட்டின இடத்திலையே. பல்லு பாதியாய்த் தேயும் மட்டும் சங்கிலியைக் கடிச்சிருக்கு.

எனக்கு வந்த கோவத்தை என்னெண்டு சொல்ல. இத்தினை வருசமும் பொய். பாதி வழியிலை பயந்து எங்கையோ ஒளிச்சிருந்துபோட்டு, நனைஞ்சுகொண்டு வந்து எங்களை ஏமாத்தியிருக்கிறார். பயந்ததிலை பிழையில்லை, ஆரும் பயப்பிடுவினம். அதைச் சொல்லியிருக்கலாமே. அம்மா சாகேக்கையும் அந்தக் கதையைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டெல்லோ செத்தவா. அண்டு பின்னேரம் அண்ணை போன் எடுத்தார், நான் தூக்கேல்லை. அடுத்த நாளும் எடுத்தார், தூக்கேல்லை. படம் அவருக்கும் போயிருக்கு எண்டு எனக்குத் தெரியும். பொங்கலுக்கு ஹொல்ம்லியாவிலை அவற்றை வீட்டிலைதான் எல்லாரும் கூடுறது. எனக்குத் தலையிடி எண்டு சொல்லி மனுசனையும் பிள்ளையளையும் மட்டும் அனுப்பிவிட்டன். வீட்டிலை தனிய இருக்கேக்கை, வெளியிலை பனி தள்ளுற வாகனம் சங்கிலி பூட்டின சில்லோடை போச்சுது. அந்தச் சத்தம் குசினிக்குப் பின்னாலை இருந்து வாறமாதிரி இருந்தது. நான் எழும்பிப் போய்ப் பாத்தன். எனக்கே வெக்கமாப் போச்சு, ஆனால் போய்ப் பாத்தன்.

வேலையிலையும் நிம்மதி இல்லை. லாச்சியைத் திறந்தால் எல்லாத் தாடையும் என்னைப் பாக்கிற மாதிரி. நானோ சும்மா இருக்காமல் படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பாக்கிறன். ஒருநாள் மத்தியானம் தமிழ்நாட்டுப் பிள்ளை பின்னாலை வந்து நிண்டதைக் காணேல்லை.

"இது எந்த சைட்டுக்கா?" எண்டாள்.

"ஒரு சைட்டும் இல்லை. எங்கடை வீட்டு நாய். கட்டின இடத்திலை பட்டினி கிடந்து செத்தது."

"அய்யோ. எப்படிக்கா தெரியும்?"

"பல்லைப் பார். கண் தெரியேல்லையோ உனக்கு?"

அவள் பாத்தாள். கொஞ்சம் தயங்கினாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. பல்லு எப்படி வாழ்ந்துச்சுன்னுதான் சொல்லும், எப்படிச் செத்துச்சுன்னு சொல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இது எப்பவுமே கட்டி வளர்த்த நாயா இருந்தா, முன்னாடியே தேஞ்சிருக்கும்ல?"

"உனக்கு என்ன தெரியும்? போய் உன்ரை கொம்பியூட்டரைக் கேள்" எண்டு விழுந்தன் அவளிலை. பிள்ளை தன்ரை மேசைக்குப் போட்டுது. போன பிறகுதான் எனக்குள்ளை ஒண்டு இறங்கிச்சுது. எங்கடை நாய் குட்டியிலை இருந்தே பகலிலை கட்டித்தான் கிடந்தது. முழுநாளும் சங்கிலியைச் சப்பிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு அப்பா பேப்பராலை அடிக்கிறதும் எனக்கு ஞாபகம் இருக்கு. தேய்வு அப்பவே இருந்திருக்கும். எலும்போடை சங்கிலி கிடந்ததோ எண்டு நான் கேக்கக்கூட இல்லை. குகை எலும்புக்கு நாலுதரம் சரிபாக்கிற நான், சொந்த அண்ணைக்கு ஒருதரம்கூடப் பாக்கேல்லை. எழும்பி அவளைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டன். "பரவால்லக்கா, ஆனா செம கோவம் உங்களுக்கு" எண்டாள்.

அப்பதான் மேலை இருந்து கூப்பிட்டினம், என்னைத் தேடி ஒருத்தர் வந்திருக்கிறார் எண்டு. அண்ணை. நான் இஞ்சை வேலைக்குச் சேந்து இவ்வளவு காலத்திலை அவர் ஒருநாளும் வந்ததில்லை. பள்ளிக்கூடமொண்டிலை வக்த்மெஸ்தர் வேலை அவருக்கு, கதவு, லைற், பனி தள்ளுறது எல்லாம் அவற்றை பொறுப்பு. வேலை உடுப்போடையே வந்திருந்தார், சப்பாத்திலை பனி. வரவேற்பிலை இருக்கிற பெட்டை கோப்பி தரட்டோ எண்டு கேட்டுக்கொண்டிருந்தாள், அவர் காது கேக்காத ஆள் மாதிரி நிண்டார். நான் கீழை கூட்டிக்கொண்டு போனன்.

அவர் கதிரையிலை இருக்கேல்லை. அலுமாரியளைச் சுத்திப் பாத்தார். "இதெல்லாம் நாயோ?" எண்டார். "ஓநாய். அது கொயோட். கீழை நரி" எண்டன்.

"தம்பி அனுப்பின படம் எங்கடைதானே?"

"ஓம் அண்ணை."

"காலெலும்பு இருக்கோ?"

எனக்கு விளங்கேல்லை. "என்ன காலெலும்பு?"

"பின்னங்கால். இடதோ வலதோ தெரியேல்லை. அது உடைஞ்சிருக்கோ எண்டு உனக்குப் பாத்துச் சொல்ல ஏலுமோ?"

பிறகுதான் சொன்னார். என்னைப் பாக்காமல் ஓநாய் லாச்சியைப் பாத்துக்கொண்டு சொன்னார். அவிழ்த்துவிட்டது உண்மை. அவிழ்த்த உடனை அது அவரிலை பாஞ்சு நக்கிச்சுதாம். அவர் றோட்டுக்கு ஓட அதுவும் பின்னாலை ஓடி வந்திருக்கு. சனத்துக்குள்ளை வந்தால் செத்துப்போகும், கலைச்சால் போகுதில்லை. போ எண்டு கத்தினாராம், காலாலை உதைஞ்சாராம். விளையாட்டெண்டு நினைச்சு வாலை ஆட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப வந்ததாம். ஷெல் சத்தம் கிட்ட வர, குனிஞ்சு கல்லெடுத்து எறிஞ்சிருக்கிறார். முதல் கல்லு படேல்லை. பிறகு பெரிய கல்லாய் எடுத்து எறிஞ்சாராம். பின்னங்காலிலை பட்டது.

"ஓடிட்டுது எண்டு நான் சொன்னது பொய்யில்லைத் தங்கச்சி. ஓடினது. மூண்டு காலிலை ஓடினது. வீட்டுப் பக்கம்தான் ஓடினது." அவர் லாச்சியின்ரை பிடியிலை கையை வைச்சார். "கட்டியிருந்தால் கூட ஆரும் வந்து அவிழ்த்திருப்பினம். நான் காலை உடைச்செல்லோ விட்டிட்டு வந்தனான். உடைஞ்சிருந்தால் அது எங்கை போறது? அந்த இடத்திலைதானே கிடந்து செத்திருக்கும்? ஒவ்வொரு வீட்டு விசேசத்திலையும் நீங்கள் அதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கொண்டனீங்கள்."

எனக்கு அழுகை வந்திட்டுது. அவற்றை கையைப் பிடிச்சன், ஐஸ் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. உடையேல்லை எண்டு பாக்காமலே சொல்லிவிடுவமோ எண்டு ஒரு எண்ணம் வந்தது. சொல்ல ஏலேல்லை. அவர் கேட்டது தங்கச்சியை இல்லை, எலும்பு பாக்கிறவளை. யாழ்ப்பாணத்துத் தம்பிக்குப் போன் எடுத்தன். நல்லகாலம், ஐயர் நாள் பாத்துச் சொல்லுமட்டும் எலும்பையெல்லாம் ஒரு உரப்பையிலை போட்டு மதிலோரம் வைச்சிருந்தான். அங்கை பொழுதுபட்டிட்டுது. ரோச் வெளிச்சத்திலை நிலத்திலை விரிச்சுப் படம் படமாய் அனுப்பினான்.

வலது பின்னங்காலிலை, முழங்காலுக்குக் கீழை இருக்கிற எலும்பு. ஒருக்காப் பாத்தன். பெருப்பிச்சுப் பாத்தன். இன்னொரு பக்கத்தாலை எடுக்கச் சொல்லிப் பாத்தன். அண்ணை என்ரை முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டார்.

"உடைஞ்சதுதான் அண்ணை" எண்டன்.

அவர் கண்ணை மூடினார்.

"அண்ணை, கேளுங்கோ. உடைஞ்சு, பிறகு பொருந்தியிருக்கு. கொஞ்சம் கோணலாய், ஆனால் வடிவாப் பொருந்தியிருக்கு. இஞ்சை பாருங்கோ, இந்த வீக்கம். செத்த நாயின்ரை எலும்பு பொருந்தாது. இப்பிடி வர மாசக்கணக்கு எடுக்கும். அதுக்குப் பிறகும் கனகாலம் இந்தக் காலாலை நடந்திருக்கு."

அவர் போனை என்ரை கையிலை இருந்து வாங்கி அந்த வீக்கத்தை விரலாலை தொட்டுப் பாத்தார். "மாசக்கணக்காய் உயிரோடை இருந்ததோ?" எண்டார். "வருசமாயும் இருக்கலாம்" எண்டன். ஒரு சிரிப்பு மாதிரி ஏதோ அவற்றை முகத்திலை வந்து, அப்பிடியே நிண்டுட்டுது. "ஊரிலை ஒரு குருவியும் இல்லையே. கால் ஏலாத நாய் என்னத்தைத் திண்டது?"

அதை நானும் நினைச்சுக்கொண்டுதான் இருந்தன். குகையிலை இப்பிடிப் பொருந்தின ஓநாய்க் காலொண்டு வந்தால் நாங்கள் முதல் கேக்கிற கேள்வியே அதுதான். ஓட ஏலாத காலத்திலை ஆர் இரை குடுத்தது? தம்பி இன்னும் லைனிலைதான் நிண்டான். "எலும்பு எப்பிடிக் கிடந்தது? சிதறியோ?" எண்டு கேட்டன்.

"இல்லை அக்கா, ஒரு கிடங்குக்குள்ளை, சுருண்டு படுத்தமாதிரி. ஒரு பச்சைத் தறப்பாளாலை சுத்தியிருந்தது. ஆமிக்காரர் மழைக்குப் போடுறது, அந்தச் சீலை. கிழிஞ்சு கிழிஞ்சு வந்தது, நாங்கள் அதை எறிஞ்சுபோட்டம். ஏன் அக்கா?"

"ஒண்டுமில்லை, பேந்து எடுக்கிறன்" எண்டு வைச்சிட்டன். ஸ்பீக்கரிலைதான் கதைச்சது. அண்ணைக்கும் கேட்டது.

அண்ணை ஒருகாலத்திலை கொழும்பிலை ஆமியிட்டைப் பிடிபட்டுச் சிறைக்குள்ளை இருந்தவர். என்ன நடந்தது எண்டு இண்டைக்குமட்டும் ஆருக்கும் சொன்னதில்லை. ஆமி எண்ட சொல்லையே வாயிலை எடுக்கமாட்டார், "அவங்கள்" எண்டுதான். ரீவியிலை அந்த உடுப்பைக் கண்டால் எழும்பி வெளியிலை போயிடுவார். இப்ப அவர் மெல்லமாய்க் கதிரையை இழுத்து இருந்தார். சப்பாத்துப் பனி உருகி நிலத்திலை ஓடினது. நான் பக்கத்திலை நிண்டன்.

"அவங்கள் சாப்பாடு போட்டிருக்கிறாங்கள்" எண்டார்.

"ஓம்."

"கிடங்கு வெட்டித் தாட்டும் இருக்கிறாங்கள். சீலையாலை சுத்தி."

"ஓம் அண்ணை."

தலையைக் குனிஞ்சுகொண்டு, என்னைக் கேக்கிறாரோ தன்னைத்தானே கேக்கிறாரோ தெரியாத குரலிலை அண்ணை கேட்டார்:

"அதை அவங்கள் என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாங்கள்?"